“பிறந்த உடனேயுமா, சார்?”

மாணவர்களே, படிவம் 5 இயற்பியல் பாடநூல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 6ஆம் இயல் அணுக்கரு இயற்பியல். 7ஆம் இயல் குவாண்டம் இயற்பியல். இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால், பல்லாண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்களைப்போல நிற்கின்றன. நடுவில் இருக்கும் வேலியில் ஒரு வாசல் வைக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது. அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று காட்டியவை மிகக் கடுமையாகக் குளிரூட்டப்பட்ட சோடிய அணுக்கள்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் அரை ஆயுளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் பயன்படும் அயோடின்-131 அணுக்களில் பாதி, ஏறக்குறைய 8 நாளில் சிதைந்துவிடும். எஞ்சியதில் பாதி அடுத்த 8 நாளில் சிதையும். இப்படியே போகும். ஏன் இந்த 8 நாள் மாறுவதில்லை? அணுவுக்கு வயது தெரியாது என்று விளக்கினேன். நேற்று உண்டான அயோடின் அணுவும், ஒரு மாதமாகச் சிதையாமல் தாக்குப்பிடித்து நிற்கும் அயோடின் அணுவும் அடுத்த ஒரு மணி நேரத்தில் சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றுதான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் அப்படி இல்லை. அணுவுக்கு அப்படித்தான் என்றேன். வகுப்பு சிரித்தது.

பின்வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினார். “பிறந்த உடனேயுமா, சார்?”

“ஆமாம், பிறந்த உடனேயும்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

அந்த ‘ஆமாம்’ தவறு. நான் அப்படிச் சொன்ன நாளில், அது தவறு என்று காட்டும் சோதனை நடந்து முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. தேர்வு விடைத்தாளைத் திருத்துகிறவர் எனக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார். அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

பகடையும் அணுவும்

அரை ஆயுளைப் புரியவைக்கப் பல பள்ளிகளில் பகடைக்காய்களை வைத்து ஒரு செய்முறை செய்வார்கள். 100 பகடைகளைக் குலுக்கிப் போடுங்கள். 6 விழுந்தவற்றை எடுத்து ஒதுக்குங்கள். மீதியை மறுபடியும் குலுக்குங்கள். ஏறக்குறைய 4 முறை குலுக்குவதற்குள் பாதி போயிருக்கும். அதன்பின் இன்னொரு 4 முறையில் மீதியில் பாதி. வரைபடம் போட்டால் பாடநூலில் இருக்கும் அதே வளைகோடு வரும்.

அழகான செய்முறைதான். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதற்குள் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. பகடைக்கு நினைவே கிடையாது. முதல் குலுக்கலானாலும் ஐம்பதாவது குலுக்கலானாலும் 6 விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. அணுவும் அப்படித்தானா?

இங்கேதான் 7ஆம் இயல் எட்டிப்பார்க்க வேண்டும். துகள்களுக்கு அலைத்தன்மை உண்டு என்று அங்கே படிக்கிறீர்கள். 1928இல் 24 வயது ஜார்ஜ் காமோவ் இதைக் கொண்டுதான் ஆல்ஃபா சிதைவை விளக்கினார். அதே ஆண்டில் கர்னி, காண்டன் என்ற இருவரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். ஆல்ஃபா துகள் அணுக்கருவுக்குள் ஒரு சுவரால் அடைபட்டிருக்கிறது. சுவரைத் தாண்டும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆனாலும் அதன் அலை சுவரின் வழியே சிறிது சிறிதாகக் கசிகிறது. இந்தக் கசிவை ‘டன்னலிங்’ என்பார்கள். நாம் ஊடுருவல் என்று சொல்லிக்கொள்வோம். ஆக, 6ஆம் இயலில் நீங்கள் பார்க்கும் சிதைவு, 7ஆம் இயலின் அலை செய்யும் வேலை.

அலையாக இருந்தால் கணக்கு மாறுகிறது. வெளியே கசியும் அலையின் வீச்சு, தொடக்கத்தில் நேரத்துக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது. ஆனால் துகள் வெளியே இருப்பதற்கான நிகழ்தகவு வீச்சு அல்ல, வீச்சின் வர்க்கம். நேரம் 2 மடங்கானால் வீச்சு 2 மடங்கு, நிகழ்தகவு 4 மடங்கு. நேரம் 10 மடங்கானால் நிகழ்தகவு 100 மடங்கு.

இதை எண்களில் பாருங்கள். எண்கள் நான் உங்களுக்காக இட்டுக்கட்டியவை. அவற்றின் போக்கு மட்டும் உண்மை. 10,000 அணுக்கள் இருக்கின்றன. முதல் 1 மைக்ரோ விநாடி முடியும்போது 10 அணுக்கள் வெளியேறியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோ விநாடி என்றால் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 2 மைக்ரோ விநாடியில் 40. மூன்றில் 90. பத்தில் 1,000. தொடக்கத்தில் ஏறக்குறையப் படுத்துக்கிடக்கும் கோடு, மெல்ல மெல்லச் சரிவாகிறது. பகடையாக இருந்தால் முதல் மைக்ரோ விநாடியிலேயே 100 அணுக்கள் போயிருக்கும்.

அப்படியானால் அணுவுக்கு நினைவு இருக்கிறது. தான் எப்போது அடைபட்டோம் என்பது அதற்குச் சிறிது நேரம் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில், முன்பு கசிந்த அலை தூரமாகப் போய்விடுகிறது. உள்ளே எஞ்சியிருப்பதோடு அது இனிச் சேர்வதில்லை. தொடக்கம் மறந்துபோகிறது. அதன்பிறகுதான் நீங்கள் படித்த அரை ஆயுள் விதி ஆட்சிக்கு வருகிறது. என் மாணவி கேட்ட கேள்விக்குச் சரியான விடை: “பிறந்த உடனே அப்படி இல்லை, அம்மா. ஆனால் அது மிகச் சீக்கிரம் மறந்துவிடுகிறது.”

எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் சிக்கல். உண்மையான அணுக்கருவில் இந்தத் தொடக்கக் காலம் ஒரு விநாடியின் கோடி கோடியில் ஒரு பங்கையும்விட மிக மிகச் சிறியது. எந்தக் கடிகாரத்தை வைத்து அதை அளப்பது? அதனால்தான் ரதர்ஃபோர்டு காலத்திலிருந்து கதிரியக்கத்தை அளந்த எவருக்கும் இந்த விதி பிசகியதாகத் தெரியவில்லை. தாளில் கணக்குப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1950களின் இறுதியில் ரஷ்ய இயற்பியலாளர் லியோனிட் கால்ஃபின், அரை ஆயுள் விதி எல்லாக் காலத்துக்கும் அப்படியே பொருந்தாது என்று கணக்கால் காட்டினார். கணக்கு சொன்னதை ஆய்வுக்கூடம் பார்க்க இன்னும் 40 ஆண்டுகள் ஆயின.

ஒளியால் செய்த முட்டைத் தட்டு

அணுக்கருவில் பார்க்க முடியாவிட்டால், அதே நாடகத்தை மெதுவாக நடத்தும் வேறொரு மேடையைத் தேட வேண்டும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ரைசன் தலைமையிலான குழு அப்படி ஒரு மேடையை அமைத்தது.

மேடைக்கு முதலில் வேண்டியது குளிர். வெப்பநிலை என்பது அணுக்களின் ஓட்டம்தான். நம் அறை வெப்பநிலையில் சோடிய அணுக்கள் விநாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் பறக்கும். அந்த ஓட்டத்தில் அவற்றின் அலைத்தன்மையைப் பிடித்துப் பார்க்க முடியாது. எதிரிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஒளித்துகள்கள் ஒவ்வொன்றும் அணுவைச் சிறிது பின்னுக்குத் தள்ளுகின்றன. ஆயிரக்கணக்கான இந்தச் சிறு தள்ளல்களில் அணு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கெல்வின் அளவில் முழுப் பூச்சியத்துக்கு மேல் ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான குளிர். இந்த லேசர் குளிரூட்டும் முறைக்காக ஸ்டீவன் சூ, குளோது கோஹன்-தனூஜி, வில்லியம் ஃபிலிப்ஸ் மூவரும் 1997இல் நோபல் பரிசு பெற்றார்கள். ரைசன் குழுவின் முதல் கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்ததும் அதே 1997தான்.

அடுத்து, அணுக்களை அடைத்துவைக்கப் பள்ளங்கள். இரண்டு லேசர் கதிர்களை எதிரெதிராகப் பாய்ச்சினால் அவை ஒன்றோடொன்று கலந்து, ஒளி கூடும் இடமும் குறையும் இடமுமாக ஒரு நிலை அலை உண்டாகும். அணுக்களுக்கு அது ஒரு முட்டைத் தட்டு. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 3,000க்கும் மேற்பட்ட பள்ளங்கள். குளிர்ந்த அணுக்கள் அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்துகொள்ளும்.

இனிமேல்தான் அவர்களின் கெட்டிக்காரத்தனம். இரண்டு லேசர்களின் அதிர்வெண்ணில் சிறிய வேறுபாடு வைத்தால் தட்டு நகரத் தொடங்கும். அந்த வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டே போனால் தட்டு முடுக்கம் பெறும். பேருந்து திடீரென்று வேகமெடுக்கும்போது நீங்கள் பின்னால் சாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான முடுக்கத்தில் தட்டை இழுத்தால், பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர் தணிந்து மெல்லியதாகிறது. அணு இன்னும் அதைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஆனால் ஊடுருவி வெளியே வரலாம். வெளியே வந்த அணுவைத் தட்டு விட்டுவிட்டுப் போய்விடும். உள்ளே இருக்கும் அணு தட்டோடு சேர்ந்து வேகமெடுக்கும்.

கடைசியில் லேசரை நிறுத்திவிட்டு அணுக்களைச் சற்று நேரம் தம் போக்கில் பறக்க விடுகிறார்கள். வேகமானவை முன்னே, பின்தங்கியவை பின்னே. ஒளியூட்டிப் படம் எடுத்தால் இரண்டு தனித்தனிப் புள்ளிக் கூட்டங்கள். எத்தனை தப்பின, எத்தனை தங்கின என்று ஒப்பிட்டுவிடலாம். இது அணுக்கருச் சிதைவின் அதே நாடகம். அணுக்கருவுக்குப் பதிலாக ஒளிப்பள்ளம், ஆல்ஃபா துகளுக்குப் பதிலாக முழு சோடிய அணு. கடிகாரம் மட்டும் மைக்ரோ விநாடிக்கு இறங்கி வந்துவிட்டது. அதை இன்றைய மின்னணுக் கருவிகள் எளிதில் அளக்கும்.

1997இல் அவர்கள் பார்த்தது இதுதான்: முதல் சில மைக்ரோ விநாடிகளில் வளைகோடு தட்டையாகத் தொடங்கியது. பிறகு செங்குத்தாக இறங்கியது. அதன்பின்தான் பாடநூல் சொல்லும் வளைகோட்டில் போய்ச் சேர்ந்தது.

அந்த வரைபடத்தைத் தாமதமாகத்தான் நான் பார்த்தேன். பார்த்த அன்று அந்த மாணவியின் முகவரி என்னிடம் இல்லை.

பார்த்தால் நிற்கும், பார்த்தால் ஓடும்

மேலே போட்ட கணக்குக்குத் திரும்புவோம். 10 மைக்ரோ விநாடி சும்மா விட்டால் 1,000 அணுக்கள் தப்பும். ஆனால் ஒவ்வொரு மைக்ரோ விநாடியிலும் குறுக்கிட்டு, “நீ உள்ளேயா வெளியேயா?” என்று கேட்டால்? உள்ளே இருப்பது உறுதியான அணுவுக்குக் கடிகாரம் மறுபடியும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் 10 அணுக்கள்தாம் தப்பும். பத்து முறையில் ஏறக்குறைய 100. ஆயிரம் எங்கே, நூறு எங்கே! அரை மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை கேட்டால் இன்னும் பாதியாகக் குறைந்து 50. கேட்டுக்கொண்டே இருந்தால் சிதைவே நின்றுவிடும்.

இதை 1977இல் கணக்காக எழுதிக் காட்டியவர்கள் பைத்யநாத் மிஸ்ராவும் ஈ.சி.ஜி. சுதர்சனும். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓர் இடத்தில் நிற்கிறது, அப்படியானால் அது நகர்வதே இல்லை என்று வாதிட்ட பழங்கால கிரேக்கச் சிந்தனையாளர் சீனோவின் பெயரை அவர்கள் இதற்குச் சூட்டினார்கள். அதனால் இது குவாண்டம் சீனோ விளைவு. சுதர்சன் கோட்டயத்தில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்தவர். 1980களில் சென்னையில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். ஆனால் நீண்ட காலம் அவர் பேராசிரியராக இருந்தது ஆஸ்டினில், அதே டெக்சஸ் பல்கலைக்கழகத்தில். கணக்கும் சோதனையும் ஒரே வளாகத்தில் பிறந்தன.

1990இல் அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வுக்கூடத்தில் வெயின் இடானோவும் உடன் ஆய்வாளர்களும் ஏறக்குறைய 5,000 பெரிலியம் அயனிகளை வைத்து இந்த விளைவைக் காட்டினார்கள். லேசர் துடிப்புகளால் அடிக்கடி ‘பார்க்க’, அயனிகள் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது குறைந்தது. ஆனால் அது தானாக நிகழும் சிதைவு அல்ல. வானொலி அலையால் வெளியிலிருந்து தள்ளி உண்டாக்கிய மாற்றம். உண்மையில் சிதையும் ஒன்றில் காட்டுங்கள் பார்ப்போம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ரைசன் குழு 2001இல் அதற்குப் பதில் சொன்னது. தட்டை வேகமாக இழுத்து 1 மைக்ரோ விநாடி ஊடுருவ விட்டார்கள். பிறகு முடுக்கத்தைக் குறைத்தார்கள். குறைந்த முடுக்கத்தில் ஊடுருவல் நின்றுவிடும். அந்த இடைவேளையில் தப்பியவை தப்பாதவற்றிலிருந்து வேகத்தால் பிரிந்துவிடும். மறுபடியும் 1 மைக்ரோ விநாடி இழுப்பு, மறுபடியும் இடைவேளை. இடைவேளைகளைக் கழித்துக் கணக்கிட்டால் சிதைவு தெளிவாக மெதுவாகியிருந்தது.

அதோடு விடவில்லை. இழுக்கும் நேரத்தை 5 மைக்ரோ விநாடியாக நீட்டினார்கள். இப்போது குறுக்கிடக் குறுக்கிடச் சிதைவு வேகமானது! காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். வளைகோடு முதலில் தட்டை, பிறகு செங்குத்து, பிறகு சீர் என்றேன். தட்டையான பகுதியிலேயே வெட்டி வெட்டித் தொடங்கினால் அணு தட்டையிலேயே நிற்கும். செங்குத்தான சரிவு முடிந்ததும் வெட்டித் தொடங்கினால், ஒவ்வொரு முறையும் அந்தச் சரிவிலேயே உருளும். இதற்கு எதிர்ச் சீனோ விளைவு என்று பெயர். 2000இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தைச் சேர்ந்த கோஃப்மனும் குரிஸ்கியும் இதைக் கணக்கால் சொல்லியிருந்தார்கள்.

பகடையில் இது நடக்குமா? நடக்காது. பகடையை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் ஆறில் ஒன்று ஆறில் ஒன்றுதான். நினைவு இருக்கும் பொருளுக்கு மட்டுமே குறுக்கீடு உறைக்கும்.

யார் பார்த்தார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் கோபமாகப் பேச அனுமதி கொடுங்கள். “நீங்கள் பார்ப்பதால்தான் உலகம் மாறுகிறது, குவாண்டம் அறிவியலே சொல்லிவிட்டது, மனத்தை ஒருமுகப்படுத்தினால் நோயைத் தள்ளிப்போடலாம்” என்ற தோரணையில் காணொலிகள் புலனத்தில் சுற்றுகின்றன. உங்கள் குடும்பக் குழுவிலும் ஒன்று வந்திருக்கும். அதை நம்பி மருத்துவரிடம் போவதை ஒரு மாதம் ஒத்திப்போடுகிறவர் உங்கள் வீட்டுப் பெரியவராகவும் இருக்கலாம். இது வெறும் சொற்குழப்பம் அல்ல.

2001 சோதனையில் ‘பார்த்தது’ யார்? எவரும் இல்லை. முடுக்கம் குறைந்த அந்த இடைவேளையில் எந்த மனிதரும் கண் வைக்கவில்லை. ஒளிப்படக் கருவியும் அப்போது இயங்கவில்லை. படம் எடுத்தது எல்லாம் முடிந்தபிறகு. தப்பிய அணுவும் தப்பாத அணுவும் வேகத்தால் பிரிந்து நின்றன, அவ்வளவுதான். அந்தப் பிரிவுதான் ‘பார்த்தல்’. மனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுப்பில் வைத்த பாலை நாம் பார்த்துக்கொண்டே இருந்தாலும் அது பொங்கத்தான் செய்யும். பாலுக்கு நம் கண் ஒரு பொருட்டே அல்ல. ‘அளவீடு’ என்ற சொல்லை ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் விளக்காமல் விட்டதால்தான் அந்த வெற்றிடத்தில் காணொலிக்காரர்கள் கடை விரித்திருக்கிறார்கள். பழியில் பாதி எங்களுடையது.

“இதெல்லாம் எஸ்.பி.எம். தேர்வில் வருமா?” என்று கேட்கப் போகிறீர்கள். வராது. ஆசிரியர்கள் இன்னும் வலுவாக மறுப்பார்கள். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, அணுக்கருவில் யாராலும் அளக்க முடியாத ஒரு பிசகைச் சொல்லிப் பிள்ளைகளைக் குழப்புவானேன் என்பார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அயோடின்-131 கொடுக்கப்பட்ட நோயாளி எப்போது குழந்தைகளின் அருகே போகலாம் என்று மருத்துவமனை கணக்கிடுவதும், கார்பன்-14இன் 5,730 ஆண்டுகளை வைத்துப் பழைய எலும்பின் வயதைச் சொல்வதும் அரை ஆயுள் விதியை நம்பித்தான். அந்த நம்பிக்கை பொய்த்ததில்லை. அதைக் கைவிடச் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒரு வரி. “சிதைவு வீதத்தை எதுவும் எப்போதும் மாற்றாது” என்று கரும்பலகையில் எழுதுகிறோமே, அதில் அந்த ‘எப்போதும்’ வேண்டாம். கறாராகப் பார்த்தால் ‘எதுவும்’கூடச் சரியல்ல. ஏறக்குறைய 53 நாள் அரை ஆயுள் கொண்ட பெரிலியம்-7, தன்னைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான் ஒன்றை விழுங்கிச் சிதைகிறது. அதனால் அது எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அரை ஆயுள் ஒரு விழுக்காட்டை ஒட்டிய அளவில் மாறுகிறது. விதி எங்கிருந்து எங்குவரை செல்லும் என்று சொல்லிக்கொடுப்பது குழப்புவதாகாது. எல்லை சொல்லாமல் கொடுத்த விதிதான் பின்வரிசையிலிருந்து ஒருவர் நல்ல கேள்வி கேட்கும்போது ஆசிரியரைப் பொய் சொல்ல வைக்கிறது.

இன்னொரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆஸ்டினில் எந்த அணுக்கருவையும் எவரும் தொடவில்லை. ஒளிப்பள்ளத்தில் நடந்தது அணுக்கருவிலும் நடக்கும் என்பது, இரண்டுக்கும் ஒரே குவாண்டம் கணக்கு என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நான் அந்த நம்பிக்கை உறுதியானது என்று கருதுகிறேன். ஆனால் மாதிரி வேறு, மூலம் வேறு என்பதை மறக்கக்கூடாது. 2024 ஜனவரியில் இத்தாலியின் திரெண்டோ நகர ஆய்வாளர்கள், குளிர்ந்த சோடிய அணுக்களில் ‘போலி வெற்றிடம்’ குமிழி குமிழியாகச் சிதைவதைப் பார்த்ததாக வெளியிட்டார்கள். நம் பேரண்டமே ஒரு போலி வெற்றிடத்தில் இருந்தால் அது எப்படிச் சிதையும் என்று சிட்னி கோல்மன் 1977இல் போட்ட கணக்கின் சிறிய மாதிரி அது. அருமையான வேலை. அதைப் படித்துவிட்டுப் பேரண்டம் அழியப்போகிறது என்று யாராவது சொன்னால், அவர்கள் பார்த்தது ஒரு சிறு அணு மேகம் என்பதை நினைவூட்டுங்கள்.

இந்த வேலையெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பதாக எண்ண வேண்டாம். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் குவாண்டம் தொழில்நுட்ப மையம் இயங்குகிறது. அணுக்களைக் குளிரூட்டும் ஆய்வுக்கூடங்கள் அங்கும் இருக்கின்றன.

அடுத்த செய்முறை வகுப்பில்

உங்கள் ஆசிரியர் மீண்டும் பகடைகளை எடுத்து வரும்போது, வழக்கமான செய்முறை முடிந்ததும் இன்னும் 20 நிமிடம் கேட்டு வாங்குங்கள். விதியை இப்படி மாற்றுங்கள். முதல் சுற்றில் எந்தப் பகடையையும் நீக்கக்கூடாது. இரண்டாம் சுற்றில் 1, 2, 3 விழுந்தவற்றை நீக்க வேண்டும். மூன்றாம் சுற்றிலிருந்து 1 விழுந்தவற்றை மட்டும் நீக்க வேண்டும். தட்டை, செங்குத்து, சீர். வளைகோட்டின் மூன்று பகுதிகளும் வந்துவிட்டன. ‘பார்த்தேன்’ என்று ஒருவர் குரல் கொடுத்தால் சுற்று எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 100 பகடை கொடுங்கள். அத்தனை பகடை இல்லாவிட்டால் 30 போதும். முதல் குழு குரலே கொடுக்காமல் 6 சுற்று ஆடட்டும். ஏறக்குறைய 24 பகடைகள் எஞ்சும். இரண்டாவது குழு ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ‘பார்த்தேன்’ என்று சொல்லட்டும். 100ம் அப்படியே இருக்கும். மூன்றாவது குழு இரண்டு சுற்றுக்கு ஒரு முறை சொல்லட்டும். அவர்கள் மேசையில் 12 அல்லது 13தான் மிஞ்சும்.

விதியை நாமே எழுதிக்கொண்ட விளையாட்டுத்தான் இது. அணு தன் விதியை அலையிலிருந்து பெறுகிறது. இருந்தாலும் மூன்று குழுக்களின் வரைபடத்தையும் ஒரே தாளில் போட்டு, அந்தத் தாளை 6ஆம் இயலுக்கும் 7ஆம் இயலுக்கும் நடுவில் செருகி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் புத்தகம் தம்பிக்கோ தங்கைக்கோ போகும்போது அது அங்கேயே இருக்கட்டும்.